இல்லாத சோபா

பதின்மூன்றாவது அடியில் அவள் மறுபடியும் சோபாவைச் சுற்றிக்கொண்டு போனாள். கராத்தே கூடத்தில் சோபாவே கிடையாது.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"எங்க வீட்டு சோபா, மாஸ்டர்."

பின்வரிசையில் சிரித்தார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். மீதி நாளெல்லாம், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து, முன்னறையில் தனியாகப் பழகுவாள். திரைச்சீலை மெல்ல ஆடும். கையை உயர்த்தினால் தண்ணீருக்குள் நிற்பது போல உடம்பு லேசாகிவிடும். அந்தக் கால் மணி நேரம் அவளுக்குச் சொர்க்கம்.

ஞாயிற்றுக்கிழமை பச்சை பெல்ட் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் ஏழு வயசுப் பிள்ளைகளோடு ஆரம்ப வகுப்பில் நிற்க வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

கணவர் சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினார். பால்கனியிலிருந்த துணிக்கொடி முன்னறைக்கு வந்தது. அவள் குனிந்து போகப் பழகினாள்.

"கொடியையும் அவுத்துடறேன், விடு" என்றார்.

ஈரத்துணியெல்லாம் நாற்காலிகளுக்கு வந்தது. அவள் நடுவே ஒருக்களித்து நடந்தாள்.

"இப்ப எதுவும் இடிக்கல இல்ல?"

"இல்லைங்க. எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு."

ஆகித்தான் இருந்தது. தேர்வன்று, தூக்கத்தில் நடப்பவள் போல, வெறும் கூடத்தில் சோபாவைச் சுற்றினாள், கொடிக்குக் குனிந்தாள், நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்தாள். கடைசி அடி மாஸ்டரே சொந்தமாகச் சேர்த்தது. ஒற்றைக் காலைத் தூக்கி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். முப்பது வருஷமாக எல்லோரும் பயபக்தியோடு நிற்கும் அடி. அதை மட்டும் ஒரு குறையில்லாமல் செய்தாள்.

மாஸ்டர் பேனாவை மூடினார். "வீட்டையெல்லாம் இங்க கொண்டு வரக் கூடாதும்மா. இது தவம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓரமாக உட்கார்ந்து பெல்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி நிமிரக்கூட இல்லை.

"பேசாம பச்சையைக் குடுங்க. அந்தக் காலத்துல நீங்க வீட்டுல பழகறப்ப, நம்ம பொண்ணு தொட்டில்ல புரண்டு படுத்தா, எங்க முழிச்சிக்கப் போறாளோன்னு தூக்குன காலைக் கீழ வைக்காம நின்னீங்களே, அதைத்தானே இவங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருக்காங்க?"