கலாநிதி பத்திநாதனின் பதிவுக் கட்டணம்

ஈமெயிலை நம்பிக் காசைப் பறிகொடுப்பது நல்லதல்ல என்று மேலிடம் தீர விசாரித்து முடிவெடுத்தது. அந்த முடிவைத் தோட்டத்து மக்களிடம் எடுத்துச் செல்லும் பாரிய பொறுப்பு, ஹட்டனில் விழிப்புணர்வு உத்தியோகத்தராக இருந்த பத்திநாதனின் தலையில் விழுந்தது. அவரும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மக்களை விழிக்க வைத்தார். ஈமெயிலே இல்லாதவர்களுக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை. பணிஸும் பிளேன்டீயும் உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அப்படிப்பட்டவருக்கே ஒரு நாள் ஈமெயில் வந்தது. அகில உலக விழிப்புணர்வுப் பேரவை என்ற ஒன்று, உலகத்தின் தலைசிறந்த விழிப்புணர்வு அதிகாரியாக அவரைத் தெரிவு செய்து, கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கத் தீர்மானித்திருந்தது. பதிவுக் கட்டணம் நாற்பதாயிரம் ரூபா மட்டும்.

வீட்டில் நாற்பதாயிரம் இருக்கத்தான் செய்தது. குசினிக்கு மேலே ஒழுகுகிற தகரத்தை மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று மனைவி டோரீன் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது.

"என்னாங்க, இது அப்பட்டமான ஏமாத்து வேலை," என்றாள் டோரீன். "காசு விழுந்திருக்குன்னு ஈமெயில் வந்தா நம்பாதீங்கன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க?"

"இவங்க எங்க காசு தர்றேன்னாங்க? கேக்கத்தானே செய்றாங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும்னு அவசரப்படுத்துறாங்களே?"

"நம்ம ஆபீஸ் சுற்றறிக்கை எல்லாம் நேத்தைக்குள்ள பதில் அனுப்பச் சொல்லித்தான் வருது. அப்ப அதுவும் மோசடியா?"

"உங்க பேருகூட இல்ல. 'அன்புள்ள பயனாளி'ன்னு போட்டிருக்கு."

"எனக்கு என் பேரு தெரியாதா? அதை அவங்க வேற எழுதணுமா?"

"பட்டம்னா சும்மா குடுக்க வேண்டியதுதானே?"

"சும்மா குடுக்கிற பட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்கு, டோரீன்?"

வியாழக்கிழமையே காசு போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை பட்டம் வந்தது, அதுவும் ஈமெயிலில்தான். பத்திநாதன் அதை டவுனில் கலர் பிரின்ட் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டு டோரீன் வயிறெரிந்தாள்.

காரியாலயம் சும்மா இருக்குமா? மேற்படி விடயம் சார்பாக டயகமத் தோட்ட மண்டபத்தில் ஒரு பாராட்டு விழா நடத்துவதெனத் தீர்மானம் நிறைவேறியது. உதவிப் பணிப்பாளர் விஜிதரன் தலைமை தாங்கினார். தோட்டத் தலைவர் வீரய்யா பொன்னாடை போர்த்தினார்.

கைதட்டல் அடங்குமுன் டோரீன் போனும் கையுமாக மேடையேறினாள்.

"இந்தப் பட்டம் பொய்ங்க!" என்றாள். "இன்னைக்குக் காலையில எனக்கும் அதே ஈமெயில் வந்திருக்கு. உலகத்திலேயே தலைசிறந்த அதிகாரி இப்ப நான்தானாம். தகரம் வாங்க வச்சிருந்த நாப்பதாயிரம் போச்சுங்க!"

டயகமக் குளிரிலும் பத்திநாதனுக்குப் பொன்னாடைக்குள் வியர்த்து ஊற்றியது. மானம் போயிற்று, வேலையும் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விஜிதரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"நாப்பதாயிரம்தானா, பத்திநாதன்?"

"ஆமா, சார்."

"சட்டத்தோடயா?"

"சட்டம் வேற, சார்."

"அப்பவும் மலிவுதான்," என்றார் வீரய்யா. "போன வருசம் எனக்கு 'சமூகச் சுடர்' குடுத்தவங்க எழுபத்தஞ்சு வாங்கிட்டாங்க. பொன்னாடையும் என் காசுலதான்."

டோரீனுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவர்களாவது தப்பட்டும் என்று மேடையோரம் நின்ற வெண்பலகைக்குப் போய், அந்த ஈமெயில் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். "நல்லாப் பாத்துக்கோங்க! இதுல இருந்து எது வந்தாலும் திறக்கவே திறக்காதீங்க!"

பத்திநாதனின் வகுப்பில் அதுவரை எவரும் ஒரு வரியைக்கூடக் குறித்துக்கொண்டதில்லை. அன்று மண்டபமே போனைத் தூக்கிப் படம் எடுத்தது. முன்வரிசைப் பிரமுகர்கள் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்கள்.

"மிஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் உதவிப் பணிப்பாளர். "கடைசி எழுத்து மறைக்குது."