ஜமீலாவின் கட்டைவிரல்

காரைக்கால்,
ரமலான் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் சிவராமன் ஐயா அவர்களுக்கு,

அரசலாறன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம். தங்கள் இதழில் வந்த என் தொடர்கதையின் கதாநாயகி ஜமீலாவின் நிலைமைதான் கொஞ்சம் கவலைக்கிடம்.

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொலைபேசியில், "அரசலாறன் ஐயா இருக்காரா?" என்று கேட்டீர்கள். அந்த ஐயா நான்தான் என்று நான் சொல்லவில்லை. "வெளில போயிருக்காங்க" என்றேன். "நீ யாரு பாப்பா?" என்றீர்கள். "அவங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். அது பொய்யில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் பேசியதையெல்லாம் நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டேன். "பெரியவர் இந்த வயசுல பொம்பளைங்க மனசை எப்படித்தான் இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காரோ. ஆனா துப்பாக்கிதான் அவருக்குப் பழக்கமில்லை. கடைசி அத்தியாயத்தைச் சரிபண்ணி, பெருநாளுக்கு முன்னாடி கையெழுத்துப் பிரதியா அனுப்பச் சொல்லு. சரியா இருந்தா புத்தகமாப் போடுறேன். இல்லைன்னா தொடரோட நின்னுக்கட்டும்" என்றீர்கள். "சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன். சொல்லியும்விட்டேன். ஐயா கேட்டுவிட்டு அன்று முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு இது முதல் புத்தகம்.

திருநள்ளாறு வாசகர் நீலகண்டன் அவர்கள் எழுதியதை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். பாதுகாப்புப் படையில் இருந்தவராம். 'இருட்டில் ஜமீலா கீழே கிடந்த இத்தாலியத் துப்பாக்கியை எடுத்துக் கட்டைவிரலால் லீவரைக் கீழே தள்ளிச் சுட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துப்பாக்கியில் லீவரைக் கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். சுடாது. எனவே உங்கள் கதாநாயகி இறந்துவிட்டாள். அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நூலகத்தில் எத்தனையோ மர்மக்கதைகள் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'துப்பாக்கி வெடித்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் கட்டைவிரலை ஏன் கதைக்குள் கொண்டுவந்தேன் என்றுதான் என்னை நானே நொந்துகொண்டேன்.

'கீழே' என்பதை அடித்து 'மேலே' என்று எழுதினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று கைபேசியில் தேடினேன். அதில் என்னவென்றால், அந்த இத்தாலிக்காரன் செய்த மாதிரியே பிரேசில்காரனும் ஒன்று செய்திருக்கிறான், பிரெஞ்சுக்காரனும் ஒன்று செய்திருக்கிறான், மூன்றும் அச்சு அசல் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கின்றன, ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டு போய் அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதெல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான், அந்த லீவரில் மட்டும் ஆளுக்கொரு பேச்சு. எது உசத்தி என்று கீழே கருத்துப் பகுதியில் உலகத்து ஆம்பிளைகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தாயாரை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய் மூடிவிட்டேன். ஆனால் அது உம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருக்கிற கைபேசி. மறுநாள் காலையிலேயே உம்மா கத்துகிறார்: "ஏம்புள்ள நஜீபா, வட்டலாப்பம் செய்றதைப் பாக்கலாம்னு தொறந்தா வரிசையாத் துப்பாக்கியா வருது. நான் என்ன கேட்டேன், இவன் என்ன காட்டுறான்?" "அவனுக்கு நோன்பு மயக்கமா இருக்கும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

(என் பெயர் இங்கே தவறி விழுந்துவிட்டது. அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். தாங்கள் படிக்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.)

பிறகு பக்கத்து வீட்டு இப்ராஹிம் மாமாவிடம் போனேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பிரெஞ்சுச் செய்தியை அலறவிட்டுக்கொண்டு, அதற்கு மேலே தமிழில் மாமியிடம் சண்டை போடுகிறவர். ஒரு தோழி பரீட்சைக்குப் படிக்கிறாள், அவளுக்காகக் கேட்கிறேன் என்றேன். மாமா எழுந்து நின்று, வெறுங்கையை நீட்டி, இல்லாத துப்பாக்கியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தா பாரு. லீவரு இங்க, மேல் பாகத்துல. கீழ அமுக்குனா பின்னாடி நிக்கிற சுத்தியல், குதிரைம்பாங்களே, அது மெள்ளப் படுத்துக்கும். விரலை எடுத்தா லீவரு தானா மேல வந்துரும். பூட்டுங்கிற பேச்சே கெடையாது. எப்ப இழுத்தாலும் சுடும்."

"அப்ப மேல தள்ளுனாலும் கீழ தள்ளுனாலும் சுடுமா மாமா?"

"சுடும்ங்கறேன். நம்ம கவர்ன்மெண்ட்டு சாமான்லாம் அப்படித்தான்."

நம்ம கவர்ன்மெண்ட்டு என்று மாமா சொன்னால் அது பாரிசில் இருப்பது.

இதை உள்ளேயிருந்து கேட்ட சித்திக்கா மாமி, பரீட்சை எழுதப் போவது தோழி இல்லை, நான்தான், அதுவும் போலீஸ் பரீட்சை என்று முடிவுகட்டி உம்மாவிடம் சொல்லிவிட்டார். உம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் ஓர் அவித்த முட்டை அதிகமாக வந்தது. "ஓடணும் குதிக்கணும்ல, தின்னு" என்றார். ஐயா, அந்த முட்டையை இன்றுவரை மறுக்காமல் தின்றுகொண்டிருக்கிறேன். சில உண்மைகளுக்கு முட்டையைவிடப் பெறுமதி குறைவு.

மாமா சொன்னது போதாதென்று, பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கத் தினமும் தூக்குவாளியோடு வருகிற அன்பழகன் சாரைப் பிடித்து, படித்த தொடர்கதை ஒன்றில் கீழே தள்ளிச் சுடுவதாக வருகிறதே, சரியா என்று கேட்டேன். மத்தியப் படையில் இருந்தவர், ஐ.நா. அமைதிப் படையில் வெளிநாடு போய் பிரேசில்காரர்களோடு ஒரே முகாமில் தங்கியவர். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அவரும் வெறுங்கையை நீட்டினார்.

"கீழ தள்ளுனாத்தாம்மா சுடும். லீவரு கீழ்ச்சட்டத்துல, பிடிக்குப் பக்கத்துலேயே இருக்கும். உங்க கதைக்காரர் எழுதுனது சரிதான்."

அந்தச் சமயம் பார்த்து இப்ராஹிம் மாமா அங்கே வந்துவிட்டார்.

"கீழ்ச்சட்டத்துலயா? யாரு சொன்னா?"

"நான் தொட்டுப் பாத்திருக்கேன் பாய்."

"நான் தூங்குறப்பவே தலைமாட்டுல வச்சிருந்தவன் சார்."

"அதான் தூங்கிட்டீங்க."

அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில், நோன்பு திறக்கக் கொஞ்சம் முன்னால், தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவரும், கஞ்சிக்காகக் காத்திருக்கிற ஒருவரும், வெறுங்கைகளை நீட்டிக்கொண்டு, ஒருவர் கட்டைவிரலை மேலேயும் ஒருவர் கீழேயுமாக ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன்கூடைக்காரம்மா ஒருவர் நின்று, "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கை இழுத்துக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கஞ்சி ஆறிப்போனதற்கு என்னைத்தான் இருவரும் சேர்ந்து முறைத்தார்கள்.

ஆக, நீலகண்டன் கணக்கில் ஜமீலா செத்துவிட்டாள், மாமா கணக்கில் என்ன செய்தாலும் பிழைத்துவிடுவாள், அன்பழகன் சார் கணக்கில் நான் எழுதியபடியே பிழைத்துவிட்டாள். மூன்று பேர் சொல்வதும் சரி. மூன்று நாட்டுத் துப்பாக்கி. ஆனால் இருட்டில் இருக்கிறவளுக்கு நாட்டின் பெயர் தெரியுமா? கையால் தடவித்தானே அவள் கண்டுபிடிக்க வேண்டும்? அதை எழுத எனக்குக் கை வேண்டும், கைக்குள் ஏதாவது வேண்டும். மறுநாள் சமையற்கட்டுக்குப் போனேன். கோதுமை மாவில் சர்க்கரை போட்டுப் பிசைந்து உம்மா மூடி வைத்திருந்தார். அதில் கொஞ்சம் எடுத்து மூன்று துப்பாக்கி செய்தேன். லீவருக்குக் கிராம்பு. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் மேல் பாகத்தில் குத்தினேன், பிரேசிலுக்குக் கீழே, பிடிக்குப் பக்கத்தில். இறுகட்டும் என்று தட்டில் வைத்துவிட்டுத் தொழப் போனேன்.

அன்றைக்குப் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கச் சகனில், அதாவது பெரிய தாம்பாளத்தில், பலகாரம் அனுப்புவது எங்கள் வீட்டு முறை. எனக்கு அது மறந்துவிட்டது. உம்மாவுக்கு மறக்கவில்லை. நான் தொழுத முசல்லாப் பாயை மடித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டு காலி, எண்ணெய்ச் சட்டி சூடு. "என்னமோ புதுசாச் செஞ்சு வச்சிருந்தியே, கோழிக்கால் மாதிரி, நல்லா உப்பி வந்துச்சு. சீனி தூவி உங்க வாப்பாக்கிட்ட குடுத்து விட்டுட்டேன்" என்றார் உம்மா. ருசிபார்த்தீர்களா என்று கேட்கக்கூட முடியாது. நோன்பு.

மீதியை அன்பழகன் சார் சொல்லித்தான் தெரியும். அன்று அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்களாம். சகனில் பேரீச்சம்பழம், சமோசா, நடுவில் சீனி தூவிய மூன்று துப்பாக்கிகள்.

"என்ன தமீம் அன்சாரி, ஆயுதம் கொண்டாந்திருக்கே?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

என் வாப்பா தமீம் அன்சாரி அதிகம் பேசாதவர். காரைக்கால்மேட்டு மீனவர்களுக்குக் கயிறும் வலையும் விற்கிற கடையில் நாள் முழுவதும் இருந்தும் பேசாதவர். "மவ செஞ்சது" என்று மட்டும் சொன்னாராம்.

இப்ராஹிம் மாமா ஒன்றை எடுத்துப் பார்த்து, "இது நம்மள்து. லீவரு சரியா வச்சிருக்கு புள்ள" என்றாராம். அன்பழகன் சார் இன்னொன்றை எடுத்து, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவி, "இந்தா பாய், நீங்களே கண்ணை மூடிட்டுத் தொடுங்க. பிடியிலேயே விரலுக்குக் கெடச்சுட்டா பிரேசில். விரலை எக்கித் தொடணும்னா உங்களோடது" என்று கொடுத்தாராம். மாமா கண்ணை மூடினார், தடவினார், வெகுநேரம் தடவினார். "ஆமா சார். கீழதான் இருக்கு" என்றார். மாமா ஒன்றை ஒப்புக்கொண்டு தெருவில் யாரும் கேட்டதில்லை. அதற்குள் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பேரீச்சம்பழத்துக்கு அடுத்த வாயில் பிரேசில் போய்விட்டது. "லீவரை மட்டும் துப்பிட்டேம்மா, காரம்" என்றார் அன்பழகன் சார்.

வாப்பா வெறுஞ்சகனோடு வந்து, "மூணும் தீந்துபோச்சு. நாளைக்கும் செய்யச் சொன்னாங்க" என்றார். என்னைப் பார்த்தபடி சகனை நீட்டினார். நான் வாங்கிக் கழுவினேன். அவர் துடைத்து வைத்தார். எங்கள் வீட்டில் முக்கியமான பேச்சு இப்படித்தான் நடக்கும்.

ஆகவே ஐயா, எல்லாம் கைகூடிவிட்டது. துப்பாக்கியைப் பிரேசிலாக மாற்றிவிட்டேன். ஜமீலா இருட்டில் அதை எடுக்கிறாள், லீவர் விரலை எக்காமல் கிடைக்கிறது, கீழே தள்ளுகிறாள், சுடுகிறாள், பிழைக்கிறாள். திருநள்ளாற்றுக்குத் தாங்கள் தைரியமாகப் பதில் எழுதலாம். திருத்திய அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். புத்தகம் வருமானால், பின் அட்டையில் படம் வேண்டாம், ஊர் வேண்டாம். அரசலாறன் வெளியில் போயிருப்பதாகவே இருக்கட்டும்.

தங்கள் இல்லத்திலும் இதழிலும் இறைவன் பரக்கத்தைப் பொழியட்டும். அச்சுக் கோப்பவர்களுக்கும் பிழை திருத்துபவருக்கும் என் ஸலாம்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
அரசலாறன்.

பின்குறிப்பு:

உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் சேர்க்க வாப்பாவிடம் கொடுத்தேன். நூலகத்துக்குக் கடிதம் என்றேன். வாப்பா உறையை எடை பார்க்கிற மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, அந்தத் துப்பாக்கியை நாலாவது அத்தியாயத்துலயே வில்லன் பாலத்துலேர்ந்து ஆத்துல தூக்கிப் போட்டுட்டானே. அது எப்படித் திரும்பி வந்துச்சு?"

"வாப்பா, நீங்க..."

"கடையில ஆள் வராத நேரத்துல படிப்பேன். அந்தக் கதையில வர்ற உம்மா, வெங்காயம் உரிக்கிறப்ப நம்ம வீட்டு உம்மா மாதிரியே திட்டுறா. வேற எந்த அரசலாறனுக்கு அது தெரியும்?"

உள்ளேயிருந்து உம்மா, "யாரு திட்டுறா?" என்றார்.

"கதையில" என்றார் வாப்பா. என் பக்கம் திரும்பி, "அரசலாறன், நம்ம ஊரு ஆத்துப் பேரு, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறா என் மவ?" என்றார்.

ஐயா, நாலாவது அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். போட்டுவிட்டான். நான்தான் போட வைத்திருக்கிறேன். தண்ணீர் தெறித்ததைக்கூட ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். நானும் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை, நீலகண்டன் அவர்களும் கவனிக்கவில்லை.

மேலே எழுதிய அனைத்தையும் தாங்கள் தள்ளிவிடலாம். உறையைப் பிரித்து, பழைய அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியதை வைத்திருக்கிறேன். துப்பாக்கி ஆற்றிலேயே கிடக்கிறது. இருட்டில் ஜமீலாவின் கைக்குக் கிடைப்பது தோசைக்கல். அதை எந்த நாட்டுக்காரர் செய்தாலும் ஒரே பிடிதான்.

புத்தகத்தில் பெயரை நஜீபா தமீம் அன்சாரி என்று போடுங்கள்.

உறையை மறுபடி ஒட்டியதும் தபாலில் சேர்க்க வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.