இரண்டாவது ஆள் நலமே

கும்மிடிப்பூண்டி,
12.11.2006, ஞாயிறு

மேன்மைக்குரிய மருமகன் ஃபயாஸ் அவர்களுக்கு, மாமனார் ஷேக் தாவூத் சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாவரும் சுகம். துபாயில் தங்கள் சுகமும் வெயிலும் எப்படி?

நிற்க. நேற்று கம்ப்யூட்டர் சாட்டில் தாங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்தாலும் தாங்கள் எடுப்பதில்லை. மகள் முபீனா ஒரே அழுகை. என் குற்றம் என்னவென்று தெரியாததால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சென்ற லீவில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, விண்டோஸை வைரஸ் தின்றாலும் கவலையில்லை, இதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றீர்கள் அல்லவா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். "இன்னாங்க இது, ஒண்ணு படுத்தற பாடே பேஜாரா கீது, அதுக்குள்ள இன்னொண்ணா?" என்றார் உங்கள் மாமி மெஹர்னிசா. லினக்ஸ் பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் தயாராவது பக்கத்து அத்திப்பட்டில்தான், நம் தெருவுக்குத்தான் அதற்கு வழி தெரிவதில்லை. மறுபடி ஏற்றினேன், ஏறியது, ஆனால் விண்டோஸைக் காணோம். பதறிப்போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை தணிகாசலத்தைக் கூட்டிவந்தேன். "பாய், விண்டோஸ் இருக்கற டிஸ்க்குக்கு வயரே மாட்டாம உட்டுட்டு கீறீங்க" என்று மாட்டிக் கொடுத்தார். இப்போது பெட்டியைப் போட்டதும், எது வேண்டும் என்று ஓட்டல் சர்வர் மாதிரி கேட்கிறது.

நேற்று முபீனா வெளியே போயிருந்தாள். லினக்ஸில் கேமரா வேலை செய்யவில்லை, சாட்டாவது வருகிறதா என்று அவள் பெயரில் நுழைந்து பார்த்தேன். உடனே தாங்கள், "ரெண்டாவது ஆளு எப்டி கீது?" என்று கேட்டீர்கள். சலாம்கூடச் சொல்லாமல் இரண்டாவது டிஸ்க்கை விசாரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், "ராத்திரியெல்லாம் ஒரே உறுமல். தணிகாசலம் திறந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்றார்" என்று பதில் தட்டினேன். "யாரு அந்தத் தணிகாசலம்? யாரக் கேட்டு அவன்கிட்ட காட்டின?" என்றீர்கள். என்னை ஒருமையில் பேசியதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. "தெருவில் எல்லோரும் அவரிடம்தான் காட்டுகிறார்கள்" என்றேன். அதோடு போனவர்தான் தாங்கள்.

டிஸ்க்கைக் கழற்றச் சொன்னால் இன்றே கழற்றிவிடுகிறேன். என் மகளிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுங்கள். இன்று துபாய்க்கு விமானம் ஏறும் நம் தெரு சஹாபுதீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் நலனுக்கு ஐந்து வேளையும் துஆ செய்யும்,
ஷேக் தாவூத்

பி.கு.: கவரை ஒட்டுமுன் உங்கள் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முபீனா உள்ளேயிருந்து ஓடி வந்து, "ஐயோ வாப்பா, அவுரு கேட்டது கம்ப்யூட்டர இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது மாதமாம். தங்களுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், மேஜைக்கடியில் வயரோடு கிடந்த எனக்கு மட்டும் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ்! மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். குழந்தை சுகம், உறுமல் எதுவும் இல்லை. முபீனா காட்டுவது பொன்னேரி லேடி டாக்டரிடம். தணிகாசலம் டாக்டரே இல்லை.