கடகத்தின் கீழ் ஒரு காலடி

1981ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி சனிக்கிழமை, புதுக்குடியிருப்புக்கு அப்பால் உள்ள குடியேற்றத் திட்டமொன்றில், களவு நடந்த இடத்தைப் பார்க்குமுன்பே கள்ளனைக் கண்டுபிடித்தார் என்பது சனசமூக நிலையத் தலைவர் வீரகத்தி மீதான குற்றச்சாட்டு.

வாசகரே, இவர் தனியொருவர் அல்லர், ஓர் இனம். விசாரணைக்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். சட்டைப்பையில் பேனாவும் கக்கத்தில் கொப்பியுமாக வருவார். "உண்மை வெளியில வரவேணும்" என்பார். வந்துவிடுமோ என்ற அச்சத்தில் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சிகளைப் பிறகு கூப்பிடுவார். நேரம் மிச்சமல்லவா?

வெள்ளிக்கிழமை பிற்பகல் காணாமற் போனது கமலாசனியின் தோட்டத்துப் பூசணிக்காய். சனிக்கிழமை காலை, "பழனியாண்டி குற்றவாளி" என்று கொப்பியில் மையால் எழுதியாயிற்று. ஏன்? மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழனியாண்டியின் வீட்டில் முதல்நாள் பூசணிக்கறி. பூசணி காய்க்காத வளவு அந்தத் திட்டத்தில் ஏது என்று கேட்கிறீர்களா? வீரகத்தி கேட்கவில்லை.

பழனியாண்டியிடம் கெட்டுப்போவதற்கு இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற மடியிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நேத்து நான் பூநகரியில இருந்தேங்க. இந்தா, பஸ் டிக்கட்டு."

"பாத்தியளே!" என்றார் வீரகத்தி. "களவெடுக்காதவன் ஆராவது ரிக்கற்றைப் பத்திரமா வைச்சிருப்பானே?"

அடுத்தது தடயம். தீர்ப்பு எழுதிய கையோடு வீரகத்தி தோட்டத்துக்குப் போய், ஈரமண்ணில் ஒரு காலடியைக் கண்டு, பனையோலைக் கடகத்தால் மூடி வைத்திருந்தார். ஊர் கூடி நிற்க, கடகம் தூக்கப்பட்டது. பழனியாண்டி காலை வைத்தார். குதி வெளியே நாலு விரற்கடை நின்றது.

"காலைச் சுருக்கடா!"

"சுருக்கிற காலு எங்கிட்ட இல்லீங்க."

"உனக்கு வைக்கத் தெரியேல்லை. இஞ்ச பார், இப்பிடி!"

வீரகத்தியின் கால், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் அந்தத் தடத்துக்குள் போய் இருந்தது; மடங்கிய சுண்டுவிரல் உட்பட.

கமலாசனி மெல்லக் கேட்டார்: "அண்ணை, பூசணிக்காயை எப்ப திருப்பித் தாறியள்?"

"அது... கடகம் கவிழ்க்கப் போகேக்க மிதிச்ச அடி, பிள்ளை!"

"அப்ப கள்ளன்ரை அடி?"

"அதுக்கு மேலதான் மிதிச்சிட்டன் போல."

சிரித்துச் சிரித்து ஊர் கலைந்தது. பழனியாண்டி மட்டும் நின்றார். "ஐயா, கொப்பியில எம்பேர வெட்டிருங்க."

"மையால எழுதினது. வெட்டினால் கொப்பி வடிவில்லாமப் போயிடும்."

பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள், வாசகரே. பூசணிக்கறி என்றதும், பஸ் ரிக்கற்றுக்கு முன்னால், ஒரு கணம் உங்கள் மனம் என்ன தீர்ப்பு எழுதியது? பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். பென்சிலால் எழுதவும்.