ஒண்டுமில்லை மாமாவின் கறுப்புத் திரை

ஒஸ்லோவில் ஒளித்துச் செடி வளர்த்தவர்களிலேயே, சோதனை போட வந்த போலீஸ்காரரை டோர்ச் லைட் பிடிக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் ஒண்டுமில்லை மாமாதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லுவேன். மகரந்தம் தொட்ட தூரிகை என் கையில்தான் இருந்தது.

எல்லாம் லிஃப்டில் தொடங்கியது. ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி, அவருடையது ஆறாம் மாடி. தபால் பெட்டியில் அவருக்கு ஒரு நல்ல பெயர் ஒட்டியிருந்தது, யாரும் பாவித்ததில்லை. இரண்டு கையிலும் மீன் பையோடு வருவார். "என்ன வாங்கினியள்?" என்றால் "ஒண்டுமில்லை" என்பார். கணவாய்க் கறி மூன்று மாடிக்கு மணக்கும். "என்ன சமையல்?" என்றாலும் அதே பதில். வாயால் சொன்னதற்கும் பிறர் கண்ணால் பார்த்ததற்கும் கண்ணூறு நாவூறு பட்டுவிடும் என்பது அவருடைய திடமான கொள்கை. ஒருமுறை அம்மா அவருடைய புதுக் குளிர்கோட்டைப் பார்த்து "வடிவாய் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மனுசன் மேலே போய் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தார். புகை அலாரம் அடித்து, முழுக் கட்டடமும் பனியில் இறங்கி நின்றது. என்ன எரித்தீர்கள் என்று தீயணைப்புக்காரர் கேட்டார். பதிலை நீங்களே ஊகிக்கலாம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இரண்டாம் வருடம். ஒருநாள் லிஃப்டில் மாமா ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவியோடு நின்றார்.

"பிள்ளை, நீ செடியளைப் பற்றித்தானே படிக்கிறாய்?"

"ஓம் மாமா."

"இந்த ஈரக் கடற்காத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமல், ரெண்டு சாதியைக் கலந்து புதுசா ஒண்டு செய்யேலுமே?"

"ஏலும். என்ன செடி?"

"ஒண்டுமில்லை."

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நிற்பதற்குள் எனக்குள் ஒன்று பற்றிக்கொண்டது: இந்தக் கலப்பினத்தை நானே செய்து பார்க்க வேண்டும். அன்றைக்கே இணையத்தில் தேடினேன். ஈரக் காலநிலை, பூஞ்சணம், கலப்பினம் என்று எதைத் தட்டினாலும் கஞ்சா வளர்ப்பவர்கள்தான் வந்தார்கள். உலகத்தின் நனைந்த கரையெல்லாம் உட்கார்ந்து, பூவில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிட்டதே என்று அழுதுகொண்டிருந்தார்கள். ஜன்னலால் எட்டி மேலே பார்த்தேன். மாமாவின் கண்ணாடி அடைத்த பல்கனி முழுக்கக் கறுப்புத் திரை. ஓரத்தால் ஊதா வெளிச்சம் கசிந்தது. கஞ்சாவேதான்.

மேலே ஓடினேன். "மாமா, போலீசுக்குத் தெரிஞ்சால் என்ன செய்வியள்?"

"போலீசும் கண் வைக்குமே?" என்றார் கவலையோடு. பிறகு கதவைப் பூட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, திரையை ஒரு சாண் விலக்கினார். ஐந்து விரல் விரித்த இலைகளோடு இரண்டு சாடிச் செடி.

வெண்டி.

ஒன்று ஊர் விதை. ஊரில் காய் ருசி, ஆனால் இங்கே பூக்க முதலே பூஞ்சணம் தின்றுவிடும். மற்றது ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கிய குட்டைச் சாதி. எந்த ஈரத்திலும் நிமிர்ந்து நிற்கும், காய் ஈரத்துணி போல இருக்கும். இரண்டையும் கலக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும். மூன்று கோடையாக மாமா தனியாக முயன்றும் அது நடக்கவில்லை.

நாலாவது கோடையில், ஜூலையில், இரண்டிலும் ஒவ்வொரு மொட்டு ஒன்றாய் முற்றியது. முதல் நாள் பின்னேரம் ஊர் வெண்டி மொட்டின் மகரந்தப் பைகளை, தன் மகரந்தம் தனக்கே படாதபடி, நான் சின்ன இடுக்கியால் எடுத்து, கடதாசி உறையால் மூடினேன்.

"விடிய வா பிள்ளை. மத்தியானத்துக்குள்ள பூ சுருங்கிப் போடும். பிறகு அடுத்த வருஷம்தான்."

காலை ஒன்பது மணி. குட்டைச் செடியின் பூவில் தூரிகையைத் தொட்டு மகரந்தம் எடுத்தேன். கதவு மணி அடித்தது. வாசலில் ஒரு பெண் போலீசும் ஒரு ஆண் போலீசும். எதிர்க் கட்டடத்தில் யாருக்கோ அந்த ஊதா வெளிச்சம் பொறுக்கவில்லை.

"பல்கனியில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று பெண் போலீஸ் நொஷ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், கேட்டார்.

மாமாவும் நல்ல நொஷ்க்கிலேயே சொன்னார்: "ஒண்டுமில்லை."

"ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு வெளிச்சமா?"

"மாமா, சொல்லுங்கோ. ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பூ சுருங்கிடும்" என்றேன் தமிழில்.

மாமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். "வெண்டி. மரக்கறி." தானே போய்த் திரையை விலக்கினார்.

முதலில் தெரிந்தது, நாவூறுக்காக அவர் தொங்கவிட்டிருந்த வெள்ளைப் புள்ளி குத்திய கரிச்சட்டி. ஆண் போலீஸ் ஒரு அடி பின்னால் வைத்தார். பெண் போலீஸ் குனிந்து இலையைப் பார்த்தார், முகர்ந்தார், அடியில் முளைத்திருந்த பிஞ்சைத் தொட்டார். பிறகு, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த அந்த இளமஞ்சள் பூவைப் பார்த்துச் சொன்னார்:

"எவ்வளவு அழகு."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லிப்போட்டாவே, பிள்ளை."

"அவைக்கு நாவூறு எண்டால் என்னெண்டே தெரியாது மாமா."

"தெரியாத நாக்குத்தான் பொல்லாதது."

என்ன பிரச்சினை என்று பெண் போலீஸ் கேட்டார். புகழ்ந்தால் செடிக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் நம்புவார்கள் என விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கதவுச் சட்டத்தில் விரல் மடக்கி மூன்று தட்டுத் தட்டி, "ஏழு, ஒன்பது, பதின்மூன்று" என்றார். நோர்வேக்காரர் தங்கள் அதிர்ஷ்டம் பறிபோகாமலிருக்க மரத்தில் தட்டிச் சொல்லும் கணக்கு அது.

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. "இவையளிட்டையும் இருக்கே?"

அதற்குப் பிறகு அவர்கள் விருந்தாளிகள். நான் கடதாசி உறையைக் கழற்றினேன். ஊதா வெளிச்சத்தில் ஊர் வெண்டிப் பூவின் சூல்முடி சரியாகத் தெரியவில்லை. மாமா ஆண் போலீசின் டோர்ச்சைக் காட்டி, "கொஞ்சம் இடப்பக்கம். ஆடாதையும்" என்று உத்தரவிட்டார். அந்த மனிதர் மூச்சைப் பிடித்து நின்றார். நான் தூரிகையால் தொட்டேன். முடிந்தது.

அந்தக் கலப்பில் ஒரேயொரு காய் வந்தது. மாமா அதைச் சமைக்காமல் விதைக்கு முற்ற விட்டார். போலீஸ் வந்த செய்தி மட்டும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பழுத்துப்போய், "ஆறாம் மாடியில புதுக் கஞ்சாச் சாதியாம்" என்று கோவில் வரை போனது. கேட்டவர்களுக்கெல்லாம் மாமா "ஒண்டுமில்லை" என்றதில் சந்தேகம் உறுதியானது.

அந்த இலையுதிர்காலத்தில் பெரிய சூட்கேசோடு லிஃப்டில் நின்றார். "எங்கை மாமா?" "ஒண்டுமில்லை." மகளுக்கு வேலை கிடைத்த, நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்கே குடிபோகிறார் என்பது, எங்கள் தபால் பெட்டியில் ஒரு துண்டுக் குறிப்போடு அரைவாசி விதைகள் கிடந்தபோதுதான் தெரிந்தது.

போன கிழமை கூப்பிட்டார். "இஞ்சை சுவரெல்லாம் கடல் ஈரம் வழியுது, பிள்ளை. கோடையில வெய்யிலும் மறையாதாம். எங்கட கலப்பினம் இஞ்சை நிண்டால் எங்கையும் நிக்கும். நீ அங்கை போடு, நான் இஞ்சை போடுறன்."

மார்ச்சில் விதைக்கப் போகிறேன். கறுப்புத் துணி வாங்கி என் ஜன்னலுக்குத் திரை தைத்தாயிற்று.

"உதுக்குள்ள என்னடி வளர்க்கப்போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்று சொல்லி, கதவுச் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினேன். ஹம்மர்பெஸ்ட் வரை கேட்கட்டும் என்று, கொஞ்சம் பலமாகவே.