மேசா நகரத்துக்கு ஒரு வண்டிப் பனி

பிக்கப் வண்டியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதை முதலில் பார்த்தது மார்லிதான்.

"அப்பா, உன் பனி ஒழுகுது."

"ஒழுகல. ஓரத்துல இருக்கறது கொஞ்சம் கசியும், அவ்ளோதான்," என்றார் வெண்டல்.

மலைமேல் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப் ஊர் இன்னும் பின்னோக்கும் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது. காலையெல்லாம் பைன் மரங்களுக்கு நடுவே நின்று, மண்வாரியால் அள்ளி அள்ளி, வண்டியின் பின்தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தார். கீழே பாலைவனத்தில், ஃபீனிக்ஸ், மேசா பக்கத்து ஆட்கள் குளிர்காலத்தில் செய்வதுதான். மலை ஏறுவார்கள், பனியை அள்ளுவார்கள், கீழே கள்ளிச்செடி நிற்கும் தங்கள் வாசலில் கொட்டி, அவசரமாக ஒரு பனிமனிதனைப் பிடித்துவைத்துப் படம் எடுப்பார்கள்.

வெண்டலுக்குப் படம் முக்கியமில்லை. மாமனார் முக்கியம்.

ஆர்வில் பின்சீட்டில் பேத்திக்குப் பக்கத்தில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன குளிர்காலத்தில், வடக்கே டுலூத்தில் தன் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, யாரோ பார்க்கும்வரை அங்கேயே கிடந்தவர். வெண்டலின் மனைவி நோரீன் போய் அப்பாவைக் கையோடு மேசாவுக்கு அழைத்து வந்தாள். இப்போது அவர் புத்தாண்டு முடிந்ததும் திரும்பிப் போகிறேன் என்கிறார். தனியாக. நோரீனுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எங்க ஊர்ல இந்நேரம் பனி இடுப்பளவு கிடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைப் பெருமூச்சோடு சொல்வார்.

வெண்டலும் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒன்றாக வண்டியில் ஏற்றிப்போய்ப் பெரிய பள்ளத்தாக்கைக் காட்டினார். விண்கல் விழுந்த குழியைக் காட்டினார். கல்லாகிப்போன மரங்களைக் காட்டினார். கிழவர் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லா இருக்கு மாப்ள," என்றார். பிறகு மறுபடியும் பனி. கடைசியில் வெண்டல் ஒரு முடிவுக்கு வந்தார்: அவர் பனியைத் தேடிப் போக வேண்டாம், பனி அவரைத் தேடி வரட்டும்.

அந்தப் பனிதான் இப்போது சொட்டிக்கொண்டிருந்தது.

வெண்டல் வண்டியை ஓரங்கட்டி, கறுப்புத் தார்ப்பாயை எடுத்துப் பனியை மூடினார்.

"கறுப்பு வெயிலை இழுக்கும்பா," என்றாள் மார்லி.

"எல்லாத்துக்கும் ஒரு சொல்லு வச்சிருக்க."

அடுத்த இறக்கத்தில் சொட்டு தாரையானது. வெண்டல் தார்ப்பாயை உருவி எறிந்தார். பனியில் விழுந்திருந்த குழியைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"கோட்டைக் கழட்டுங்க."

"என்னது?" என்றாள் நோரீன்.

"கம்பளி வெப்பத்தை உள்ள விடாது. எல்லார் கோட்டும் வேணும்."

"வெண்டல், எனக்குக் குளிருது."

"உங்கப்பா இங்க இருக்கணுமா, வேண்டாமா?"

நோரீன் கழற்றினாள். ஆர்வில் ஒன்றும் கேட்காமல் தன் கோட்டைக் கழற்றி, மடித்து, கொடுத்தார்.

கோட்டுகளும், மேலே போட்ட வண்டிப் போர்வைகளும் பறந்துவிடக் கூடாதே. வெண்டல் கயிற்றை மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, இரண்டு பின்சன்னல்கள் வழியாக உள்ளே விட்டு, தாத்தாவுக்கும் பேத்திக்கும் தலைக்குமேல் இறுக்கி முடிச்சுப் போட்டார். நல்ல முடிச்சு. சன்னல்களை மட்டும் இனி மூட முடியாது. மலைக்காற்று கோட்டில்லாத நால்வருக்கும் நடுவே ஊளையிட்டபடி புகுந்து வெளியேறியது.

கேம்ப் வெர்டி ஊரை நெருங்கும்போது ஆர்வில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மாப்ள, கொஞ்சம் இறங்கணும்."

"அவசரமா மாமா?"

"அதை எழுபத்தொன்பது வயசுக்காரன்கிட்ட கேக்கக் கூடாது."

பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, கயிறு பின்கதவுகளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. திறக்கவில்லை. ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. மார்லி சன்னல் வழியாகக் குதித்தாள். ஆர்வில் சன்னலைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"கயித்தை வெட்டு," என்றாள் நோரீன். அவள் குரல் தாழ்ந்திருந்தது. வெண்டல் உடனே வெட்டினார்.

ஆர்வில் போய்த் திரும்புவதற்குள் கோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஊறி, கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர் கொட்டியது. அடியில் பனி பாதிக்குமேல் போயிருந்தது.

வெண்டல் கடைக்குள் ஓடி ஒரு மூட்டை உப்போடு வந்தார்.

"சின்ன வயசுல எங்க வீட்ல ஐஸ்கிரீம் பண்ணுவோம். ஜாடியைச் சுத்தி ஐஸ், ஐஸ் மேல உப்பு. என்னமா குளிரும் தெரியுமா!"

மார்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூட்டை கவிழ்ந்துவிட்டது.

பனி அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் துளைதுளையாக உள்வாங்கியது.

"ஐஸ்கிரீம் குளிரும்பா," என்றாள் மார்லி. "ஐஸ் உருகிடும்."

ஆர்வில் வந்து எட்டிப் பார்த்தார். "ஆமா. எங்க ஊர்ல ரோட்டுல பனி உருகறதுக்கு இதான் போடுவோம்."

"ஏன் மாமா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கல மாப்ள."

வெண்டல் மறுபடி வண்டியைக் கிளப்பினார். வேகமாக ஓட்டினால் போதும் என்று நினைத்தார். அந்த நினைப்பு அடுத்த மேட்டைத் தாண்டியதும் முடிந்தது. சாலை முழுக்க வண்டிகள், அசையாமல். ஞாயிறு மாலை, மொத்த ஃபீனிக்ஸும் வீடு திரும்புகிறது. முன்னால் பிக்கப், பின்னால் பிக்கப், எல்லாவற்றிலும் பனி, எல்லாமே சொட்டின. மழையே பெய்யாத நாளில் தார்ச்சாலை நனைந்து பளபளத்தது.

பக்கத்து வண்டிக்காரர் சன்னலை இறக்கினார்.

"உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?"

"கால்வாசி."

"குடுத்து வச்சவர்," என்று அவர் சன்னலை ஏற்றிக்கொண்டார்.

மேசாவில் வாசலுக்கு வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. வெண்டல் தொட்டியின் பின்தடுப்பை இறக்கினார். நீர் ஒரு சிற்றோடைபோல் வழிந்து கள்ளிச்செடியின் அடியில் போய்ச் சேர்ந்தது. தொட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கை பனி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். காப்பிக் கோப்பை உயரத்தில் ஒரு பனிமனிதன். சற்றுச் சாய்ந்து நின்றான்.

"மாமா, உங்களுக்காக."

ஆர்வில் குனிந்து பார்த்தார். அவர் உதடு நீலம் பூத்திருந்தது.

"நல்லா இருக்கு மாப்ள," என்றார். பிறகு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நோரீன் ஈரக் கோட்டுகளை வேலிமேல் விரித்தாள். "அவ்ளோதான் வெண்டல். அப்பா போயிடுவார். விடு," என்றாள். அழக்கூடத் தெம்பில்லாத குரல்.

அவளை அப்படிப் பார்க்க வெண்டலால் முடியவில்லை.

"இல்ல. இன்னொரு வழி இருக்கு. நியூ மெக்சிகோவுல வெள்ளை மணல் இருக்குல்ல? கண்ணுக்கெட்டுற வரைக்கும் வெள்ளை. பார்த்தா அசல் பனி. உருகவும் உருகாது. அடுத்த ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா…"

"அப்பா," என்றாள் மார்லி, கெஞ்சும் குரலில்.

வேலிக்கு அந்தப்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எஸ்தர் மொரேனோ குழாயை மூடினார். பகலில் ஆர்வில் பேச்சுத்துணைக்கு அவரிடம்தான் போவார்.

"தம்பி, நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. அவர் எதுக்குப் பனி பனின்னு ஏங்கறார்னு நேத்து எங்கிட்ட சொன்னார். 'பனி கொட்டினா ரோட்டை மூடிடுவாங்க எஸ்தர், ஞாயித்துக்கிழமை என்னை யாரும் வண்டியில ஏத்திட்டு எங்கயும் போக முடியாது'ன்னு."