ஏற்றத்தைப் பார்த்து நின்ற அம்புகள்

இக்கதையை நான் கேட்டது சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். சொன்னவர், கடையை மூடி ஓராண்டான கடிகாரப் பழுதுபார்ப்பாளர். வயது அறுபத்து மூன்று. இடக் கன்னம் வீங்கியிருந்தது. அவர் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன். உரையாடல்களில் கை வைக்கவில்லை. அவர் சொன்னதாவது:

கடையை மூடியபின் எனக்குப் பேச்சுத்துணை மூன்று சுவர்க்கடிகாரங்கள். மகள் திருமணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். மனைவி காலையில் நூலகத்துக்கும் மாலையில் நீச்சல் குளத்துக்கும் போய்விடுவாள். மூன்று கடிகாரங்களும் ஒரே நேரத்தைத்தான் சொல்லும். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பது?

ஆகவே ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். எங்கள் ஊரை ஒட்டிய, மரமே இல்லாத மேட்டுப் புல்வெளியைச் சைக்கிளில் கடப்பது!

“ஒன்பது நாள். தனியா போறேன்” என்றேன் மனைவியிடம்.

“சரி.”

“கூடாரம், அடுப்பு, பாத்திரம்… மொத்தம் இருபத்திரண்டு கிலோ பாரம்.”

“மழைக்கோட்ட மறந்துடாதீங்க.”

உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் போகும் எண்ணமே இல்லை. ‘போகாதீங்க’ என்று அவள் தடுக்க வேண்டும். அல்லது ‘நானும் வரேன்’ என்று கிளம்ப வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இருபத்திரண்டு கிலோ.

அவளை அச்சுறுத்த ஏற்றங்களைக் கணக்கிடத் தொடங்கினேன். வரைபடத்தில் உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மிதம். சாலைமேல் ஓர் அம்புக்குறி இருந்தால் கடினம். இரண்டு இருந்தால் மிகக் கடினம். கடிகாரம் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகி ஒன்பது நாள் பாதையையும் அலசினேன். பெருத்த ஏமாற்றம். மொத்தப் பாதையிலும் மூன்றே அம்புகள்! இதற்கு எந்த மனைவி அழுவாள்?

மயிரிழைப் பேனாவை எடுத்தேன். நாளுக்கு ஓர் அம்பு வரைந்தேன்.

“இந்த ஏத்தத்தப் பாத்தியா? ரெண்டு அம்பு!”

“நேத்து ஒண்ணுதானே இருந்துச்சு?”

“கண்ணாடிய மாத்து.”

“மாத்திடலாம். குழம்ப இந்தப் பக்கம் தள்ளுங்க.”

இரண்டு வாரத்தில் வரைபடம் முள்ளம்பன்றி ஆகிவிட்டது. அதைப் பார்த்து அடுத்த வீட்டுச் செவிலியம்மா நடுங்கிப்போனார். “அண்ணே, இவ்வளவு ஏத்தத்த நெஞ்சு தாங்குமா?”

மனைவி பதில் சொன்னாள்: “தாங்கும் அக்கா. நேத்து ராத்திரி பதினோரு சப்பாத்தியத் தாங்குச்சு.”

கிளம்புவதற்கு முதல்நாள் பிற்பகல் அவளே வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். கையில் பென்சில்.

“ஏங்க, அச்சடிச்ச அம்பெல்லாம் எந்தப் பக்கம் பாக்குது?”

“மேட்டைப் பாத்து.”

“நல்லாப் பாருங்க. பள்ளத்தைப் பாத்து. அச்சுல அம்பு இறக்கத்ததான் காட்டும். மேல ஏறிக்கிட்டு நிக்கிற அம்பெல்லாம் நீங்க பெத்தது.”

உருப்பெருக்கியைச் செருகிப் பார்த்தேன். பதினாறு அம்புகள், பதினாறும் ஏற்றத்தைப் பார்த்து, பெற்றவனைப் போலவே விழித்துக்கொண்டிருந்தன.

“உனக்கெப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் அந்த மேட்டுல சைக்கிள்ல தபால் கொண்டு போனவ நான்.”

அஞ்சலகத்தில் வேலை பார்த்தாள் என்று தெரியும். உட்கார்ந்து அஞ்சல்தலை விற்றாள் என்றே நினைத்திருந்தேன்.

“சொன்னதே இல்லையே!”

“கேட்டதே இல்லையே.”

பிறகு முதல் மூன்று நாள் பாதையில் மட்டும் பென்சிலால் ஒன்பது வட்டம் போட்டாள். ஒன்றிலும் அம்பு இல்லை. “ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற மேடு இதெல்லாம். இறங்கி ஏறி, இறங்கி ஏறி வரும், வரைபடத்துல தெரியாது. பாரத்தோட போனா இதுதான் ஆளைக் கொல்லும். எதிர்க்காத்து வேற.”

“அப்போ… போக வேண்டாம்கிறியா?”

“நான் எப்ப சொன்னேன்? ஏதாவது வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும். அம்பு வரையக் கூடாது.”

பென்சிலை வைக்காமல் காத்திருந்தாள். கடிகாரங்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன். “மழைக்கோட்டு எங்கே?” என்றுதான் வந்தது.

காலையில் அவளே பைகளை அவிழ்த்து, பாதிப் பாரத்தை முன்சக்கரத்துக்கு மாற்றிக் கட்டினாள். “எல்லாத்தையும் பின்னாடி ஏத்தினா, ஏத்தத்துல முன்சக்கரம் துள்ளும்” என்றாள். வழியனுப்பத் தெருமுனைவரை வந்தாள்.

மேட்டில் புல், காற்று, நான். அவள் வட்டமிட்ட இடமெல்லாம் அச்சுப் பிசகாமல் கொன்றது. தள்ளினேன். சைக்கிளோடு பேசினேன். முதல் நாள் அதைத் திட்டினேன். இரண்டாம் நாள் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் இருபது வயதில் இதே காற்றில் தனியாக, யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களைச் சுமந்து போயிருப்பாள் என்று தோன்றியது. ஏழாவது வட்டத்தில் பல்லைக் கடித்ததன் பலனைத்தான் இப்போது கன்னத்தில் பார்க்கிறீர்கள்.

மூன்றாம் நாள் மதியம் ஒன்பதாவது வட்டம். முச்சந்தியில் ஒரே ஒரு வீடு. கதவைத் தட்டினேன். திறந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தபால்காரம்மா வீட்டுக்காரர்தானே? வாங்க, சாப்பாடு சூடா இருக்கு. மூணாம் நாள் மதியம் வருவாரு, வந்ததும் திரும்பிப் போக பஸ் எப்பன்னு கேப்பாருன்னு போன வாரமே போன் பண்ணிட்டாங்க. நாலேகாலுக்கு.”

கடிகாரக்காரர் இங்கே முடித்தார். உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பின்னொரு நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அடுத்த வீட்டுச் செவிலியம்மா சொல்லும் வடிவம் வேறு. அதில் அவர் பேருந்தில் ஏறவில்லை. நாலேகால் பேருந்திலிருந்து மனைவி தன் சைக்கிளோடு இறங்குகிறார். மீதி ஆறு நாளையும் இருவரும் சேர்ந்தே கடக்கிறார்கள். எது சரியென்று அந்த மனைவியிடமே கேட்டேன்.

“அவர் சொன்னதுதாங்க நடந்தது” என்றார். கூடவே சேர்த்துக்கொண்டார்: “ஒரு வார்த்தை கேட்டிருந்தா அக்கா சொல்றது நடந்திருக்கும். என் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சிருந்தேன்.”